கடற்கரையிலிருந்து மச்சு பிச்சு வரை: பெருவைப் படிப்படியாக ஏறிப் பார்க்கும் வழி

பெருவுக்குச் செல்பவர்களில் பலர் லிமாவில் இறங்கிய மறுநாள் காலையிலேயே இன்னொரு விமானம் ஏறி, ஒன்றரை மணி நேரத்துக்குள் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் உள்ள குஸ்கோவில் இறங்கிவிடுகிறார்கள். முதல் முறை நானும் அதைத்தான் செய்தேன். பயண ஏற்பாட்டாளர் ஒருவர் "உங்களுக்கு ஒரு நாள் மிச்சம்" என்று சொல்லி அந்தப் பயணச்சீட்டை வாங்கித் தந்தார். மிச்சமான அந்த நாளும் அதற்கடுத்த நாளும் விடுதி அறையில் தலைவலியோடும் குமட்டலோடும் போர்வைக்குள்ளேயே கழிந்தன. இரண்டாம் முறை கடற்கரையில் தொடங்கி, பாலைவனத்தின் வழியே தரைமார்க்கமாகவே மேலேறினேன். குஸ்கோ போய்ச் சேர்ந்த அன்று மாலையே செங்குத்தான கல்தெருக்களில் மூச்சு வாங்காமல் நடக்க முடிந்தது. இங்கே சொல்லப்போவது அந்த இரண்டாம் வழியைத்தான்.

வழியின் அமைப்பு எளிமையானது. லிமாவிலிருந்து தெற்கே கடலோரமாகப் பராக்காஸ், இக்கா, நாஸ்கா, அங்கிருந்து உள்நோக்கித் திரும்பி 2,335 மீட்டரில் உள்ள அரெக்கிப்பா, பிறகு கோல்கா பள்ளத்தாக்கு, அதன்பின் 3,800 மீட்டருக்கு மேல் உள்ள புனோ, அங்கிருந்து குஸ்கோ, கடைசியில் 2,430 மீட்டருக்கு இறங்கி, ஸ்பானியர்களுக்கு முன் இந்நாட்டை ஆண்ட இன்காக்களின் மலைநகரான மச்சு பிச்சு. மிக உயர்ந்த இடங்களைப் பார்த்து முடித்த பிறகே குஸ்கோவுக்குள் நுழைவதால், மற்றவர்கள் திணறும் ஊர் உங்களுக்கு இறக்கமாகவே தெரியும். இதற்குக் குறைந்தது பதினாறு நாள் வேண்டும். பதினெட்டு நாள் இருந்தால் நல்லது. பத்து நாள்தான் விடுப்பு என்றால் புனோவை விட்டுவிட்டு, அரெக்கிப்பாவிலிருந்து நேரே குஸ்கோவுக்குச் செல்லலாம். அரெக்கிப்பாவை மட்டும் விட்டுவிடக் கூடாது.

எந்த மாதம் போவது என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது, ஏனென்றால் கடற்கரையின் பருவமும் மலையின் பருவமும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. மலையில் மே முதல் செப்டம்பர் வரை வானம் தெளிந்திருக்கும், இரவில் கடுங்குளிர் இருக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை மழை பெய்து, சில பாதைகள் சரிந்துவிடும். லிமாவிலோ ஜூன் முதல் அக்டோபர் வரை 'கருவா' எனப்படும் சாம்பல் நிற மூடுபனி நகரின் மேல் போர்வைபோலக் கிடக்கும். வெயில் வருவது டிசம்பருக்குப் பிறகுதான். தென்துருவப் பக்கத்திலிருந்து கரையோரமாக வரும் ஹம்போல்ட் குளிர்நீரோட்டம் கடல்காற்றைக் குளிரவைப்பதால் அது மேலெழுந்து மழையாகாமல் பனிமூட்டமாகவே தங்கிவிடுகிறது. கடலை ஒட்டியே பாலைவனம் இருப்பதற்கும் முக்கியக் காரணம் அதுவே. இரண்டுக்கும் பொதுவாக ஏப்ரல் கடைசியும் மே மாதமும் எனக்குப் பிடித்தவை. மழை ஓய்ந்து மலைச்சரிவுகள் பச்சையாக இருக்கும்; கூட்டமும் அவ்வளவாகச் சேர்ந்திருக்காது. ஜூன் 24 அன்று நடக்கும் இன்டி ராய்மி எனும் சூரிய விழாவுக்காகவே போகிறவர்கள் குஸ்கோவில் அறையைப் பல மாதங்களுக்கு முன்பே பிடித்துவைக்க வேண்டும்.

புறப்படும் முன் இரண்டு காகிதங்களைச் சரிபார்க்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குப் பெரு விசா தேவை. ஆனால் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஷெங்கன் நாடுகள் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றின் விசா குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் நிலையில் கையில் இருந்தாலோ, அங்கே நிரந்தர வசிப்புரிமை இருந்தாலோ, சுற்றுலாவுக்குத் தனி விசா வேண்டியதில்லை. விதி மாறக்கூடியது என்பதால் பயணச்சீட்டு எடுக்கும் முன் தூதரகத்தின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரண்டாவது, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று. இந்த வழியில் உள்ள கடற்கரையிலும் உயர்ந்த மலைகளிலும் அந்த நோய் இல்லை. நோய் இருப்பது அமேசான் காட்டுப் பகுதியில். இருந்தும், பெருவிலிருந்து வரும் பயணிகளிடம் இந்தியா இந்தச் சான்றைக் கேட்கிறது. இல்லாவிட்டால் திரும்பி வந்ததும் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த அதிகாரம் உண்டு. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்று செல்லுபடியாகும். சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தில் இதைப் போடுகிறார்கள்; கடைசி வாரத்தில் நினைவு வந்தால் பயனில்லை.

லிமாவில் இரண்டு இரவு போதும். நேர மாற்றத்தால் தூக்கம் கெட்டிருக்கும். முதல் நாள் மிராஃப்ளோரெஸ் பகுதியின் நடுவே, அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு இடையில் நிற்கும் உவாக்கா புக்ல்யானாவை மட்டும் பார்த்தால் போதுமானது. இன்காக்களுக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய மண்கல் பிரமிடு அது. சிறிய பச்சைச் செங்கற்களைப் படுக்கவைக்காமல், அலமாரியில் புத்தகங்களை நிறுத்துவதுபோலச் செங்குத்தாக நிறுத்தி, இடைவெளி விட்டு அடுக்கியிருக்கிறார்கள். நிலம் அதிரும்போது கற்கள் சற்றே அசைந்து கொடுப்பதால் சுவர் விழுவதில்லை. இந்த அடுக்குமுறையைக் கண்ணில் வாங்கிக்கொள்ளுங்கள். மலையில் இதே நிலநடுக்கத்துக்குக் கருங்கல்லில் வேறொரு விடை காத்திருக்கிறது.

பேருந்துகளைப் பற்றி ஒரு சொல். லிமாவில் ஒவ்வொரு பெரிய நிறுவனத்துக்கும் தனித்தனி நிலையம் உண்டு. எந்த நிலையம் என்று சீட்டிலேயே பார்த்துக்கொண்டு வாடகைக் காரில் ஏறுவது அவசியம். நீண்ட தூரத்துக்கு 'காமா' எனப்படும், ஏறக்குறைய படுக்கும் அளவுக்குச் சாயும் இருக்கையை எடுங்கள். 'செமி காமா' அதைவிடக் குறைவாகச் சாயும். நல்ல நிறுவனங்கள் கடவுச்சீட்டு எண்ணைப் பதிந்து, பெட்டிக்கு வில்லை கொடுத்து, இரண்டு ஓட்டுநர்களை அனுப்புகின்றன. விலை பார்த்துத் தெருவோரத்தில் நின்று ஏற்றும் வண்டிகளில் இரவில் ஏற வேண்டாம். கடவுச்சீட்டையும் பணத்தையும் தலைக்கு மேலுள்ள தட்டில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மலைச்சாலையைப் பகலில் கடப்பது பாதுகாப்புக்கும் நல்லது, காட்சிக்கும் நல்லது.

லிமாவிலிருந்து பராக்காஸ் ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். அங்கிருந்து பாய்யெஸ்தாஸ் தீவுகளுக்குச் செல்லும் படகைக் காலை எட்டு மணி வாக்கிலேயே பிடித்துவிடுங்கள், ஏனென்றால் பிற்பகலில் எழும் மணல்காற்றுக்கு அந்த ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அது வீசத் தொடங்கினால் கடல் கொந்தளிக்கும். கடற்சிங்கங்களும் ஹம்போல்ட் பென்குயின்களும் பாறைகளில் நிறைந்திருக்கும். பறவை எச்சத்தின் நெடியும் அதே அளவுக்கு இருக்கும், எனவே தொப்பி அணிந்து செல்வது நல்லது. அடுத்து இக்காவை ஒட்டிய வாக்காச்சினா. மணல்மேடுகளுக்கு நடுவே ஒரு குளமும் பனைமரங்களும் கொண்ட இடம், படத்தில் பார்க்க மிக அழகு. ஆனால் நிலத்தடி நீர் இறங்கிவிட்டதால் குளத்துக்கு இப்போது வெளியிலிருந்து நீர் பாய்ச்சுகிறார்கள். மணல்வண்டிகளின் இரைச்சலும் ஓயாது. ஒரு மாலைப்பொழுது போதும்.

நாஸ்காவுக்கு ஒன்றரை நாள் ஒதுக்குங்கள். பாலைநிலத்தின் மேற்பரப்பில் உள்ள கருமை படிந்த கற்களை அகற்றி, அடியில் உள்ள வெளிறிய மண்ணைத் தெரியவைத்து வரைந்த கோடுகள் இவை, பெரும்பாலானவை கி.மு. 500-க்கும் கி.பி. 500-க்கும் இடைப்பட்டவை. மழையே இல்லாததால் அழியாமல் நிற்கின்றன. ஜெர்மனியில் பிறந்த மரியா ரைச்சே என்ற கணிதவியலாளர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இவற்றை அளப்பதிலும் காப்பதிலும் செலவிட்டார். 1994-இல் இவை உலகப் பாரம்பரியச் சின்னமாயின. பார்க்க இரண்டு வழிகள் உண்டு. சிறு விமானத்தில் சுமார் அரை மணி நேரம் பறப்பது ஒன்று. நெடுஞ்சாலையோரக் காட்சிக் கோபுரத்தில் ஏறி, கைகள், மரம் ஆகிய உருவங்களைப் பார்ப்பது மற்றொன்று. அதே கோபுரத்திலிருந்து, பான்-அமெரிக்க நெடுஞ்சாலை ஒரு பல்லி உருவத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு போவதையும் பார்க்கலாம். சாலை போட்டவர்களுக்கு அது அங்கே இருப்பதே தெரியவில்லை. விமானத்தில் செல்வதானால் காலை முதல் பறப்பைக் கேளுங்கள், வயிற்றை ஏறக்குறைய காலியாக வைத்திருங்கள். இரு பக்கப் பயணிகளுக்கும் ஒவ்வோர் உருவத்தையும் காட்டுவதற்காக விமானி இடமும் வலமும் மாறி மாறிச் சாய்த்து ஓட்டுவார். நான் குரங்கைப் பார்த்தேன், ஹம்மிங்பறவையைப் பாதி பார்த்தேன், அதன்பின் காகிதப் பையை மட்டுமே பார்த்தேன்.

கோடுகளைப் பார்த்தவுடன் பேருந்து ஏறிவிடாதீர்கள். ஊருக்கு வெளியே சில கிலோமீட்டரில் கந்தாயோக் என்ற இடத்தில் 'புக்கியோ' எனப்படும் பழைய நிலத்தடி நீர்க்கால்வாய்கள் இருக்கின்றன. எனக்குக் கோடுகளைவிட இவையே பெரிதாகத் தோன்றின. தரையில் புனல்போல அகன்ற வட்டக்குழி. ஆற்றுக்கற்கள் பதித்த பாதை ஒன்று சுருள்சுருளாக உள்ளே இறங்குகிறது. நான் போன நேரத்தில் மேலே தரை கால் சுடும் அளவுக்குக் காய்ந்து கிடந்தது. பாதை முடியுமிடத்தில் ஒரு சிறு சதுரத் திறப்பு. அதனுள்ளே தெளிந்த நீர் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மலையடிவார நீரைப் பாலைக்குக் கொண்டுவரும் இந்தக் கால்வாய்களைத் தூர்வாரவும் அவற்றுக்குக் காற்று செல்லவும் இந்தக் குழிகளை வைத்தார்கள். உழவர்கள் இன்றும் தூர்வாரி, இதே நீரில் பயிர் செய்கிறார்கள்.

நாஸ்காவிலிருந்து அரெக்கிப்பாவுக்கு ஒன்பது, பத்து மணி நேரம் ஆகும். இங்கே மூன்று இரவு தங்குங்கள். உடம்பு உயரத்துக்குப் பழகுவதற்கு இதுவே தக்க படி. வெண்ணிற எரிமலைக்கல்லான 'சில்லார்' கொண்டு கட்டிய நகரம் இது. பின்னால் 5,822 மீட்டர் உயர மிஸ்டி எரிமலை நிற்கும். 1579-இல் தொடங்கிய சாந்தா கத்தலீனா கன்னியர் மடம் நகருக்குள் இன்னொரு சிற்றூர். அதற்கு அரை நாள் வேண்டும். 1995-இல் ஆம்பாத்தோ மலையுச்சியில் கண்டெடுத்த, இன்காக்கள் பலியிட்ட சிறுமியின் உறைந்த உடல் இங்குள்ள அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது. ஆண்டின் சில மாதங்கள் அந்த உடலைக் காட்சியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்பதால் முன்பே கேட்டுக்கொண்டு போகலாம்.

இனி உயர நோய். 'சொரோச்சே' என்று அங்கே சொல்கிறார்கள். குஸ்கோ உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதற்கேற்பக் குறையும். இளைஞர், உடற்பயிற்சி செய்பவர் என்ற வேறுபாடெல்லாம் அதற்கு இல்லை. 3,000 மீட்டருக்கு மேல், இரவு தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பது பொது விதி. அசெட்டசோலமைடு மாத்திரை உதவும். ஆனால் அதை மருத்துவரைக் கேட்டு, ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்க வேண்டும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் கட்டாயம் அதைச் சொல்லிவிட வேண்டும். மாத்திரை எடுப்பவர்களுக்கு விரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல இருப்பதும் அடிக்கடி சிறுநீர் வருவதும் இயல்பு. முதல் இரண்டு நாள் மதுவைத் தவிர்த்து, இரவு உணவைக் குறைத்து, மெதுவாக நடந்தால் பெரும்பாலோருக்கு இலேசான தலைவலியோடு போய்விடும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ, இருமலோடு நுரை வந்தாலோ, நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கீழே இறங்க வேண்டும்.

கோல்காவுக்குப் போகும் வழியில் சாலை 4,910 மீட்டர் உயரமுள்ள பத்தாபாம்பா கணவாயைத் தாண்டுகிறது. அங்கே வண்டியை நிறுத்துவார்கள். பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம், படம் எடுப்பதற்காக ஓடவே வேண்டாம். அரெக்கிப்பாவிலிருந்து அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பி அன்று மாலையே திரும்பும் ஒருநாள் சுற்றுலாக்களை நான் பரிந்துரைக்க மாட்டேன்; தூக்கமும் போய், உயரமும் தாக்கி, பள்ளத்தாக்கை அரைக்கண்ணால் பார்ப்பதாக முடியும். இரண்டு இரவு தங்குங்கள். பெரும்பாலோர் தங்கும் சிவாய் 3,600 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இன்னும் உள்ளே போய் 3,300 மீட்டருக்குச் சற்றுக் கீழே உள்ள கபனகொந்தேயில் தங்கினால் தூக்கம் நன்றாக வரும், காண்டோர் கழுகுகளைப் பார்க்கும் குரூஸ் தெல் காண்டோர் முனையும் பக்கம். காலை எட்டு முதல் பத்துக்குள் வெயிலேறிக் காற்று சூடாகும்போது, அந்தப் பெரும் பறவைகள் இறக்கையை ஒருமுறைகூட அடிக்காமல் பள்ளத்திலிருந்து நம் கண் மட்டத்துக்கு எழும்பி வரும்.

புனோவில் டிட்டிக்காக்கா ஏரியின் மிதக்கும் நாணல் தீவுகளுக்கே எல்லோரும் போகிறார்கள். அங்கே இன்று பாட்டும் விற்பனையும்தான் மிகுதி. ஒரு நாள்தான் உண்டென்றால் தக்கீலே தீவுக்குச் செல்லுங்கள். அங்கே ஆண்கள் நடந்துகொண்டே தொப்பி பின்னுவார்கள். அந்தத் தீவின் நெசவுக் கலையை யுனெஸ்கோ பண்பாட்டுச் செல்வமாக ஏற்றிருக்கிறது. சிலுஸ்தானியில் உள்ள 'சுல்ப்பா' கல்லறைக் கோபுரங்கள் மாலை வெயிலில் பார்க்க வேண்டியவை. மறுநாள் குஸ்கோவுக்குச் செல்லும்போது நேர்ப்பேருந்தைவிட, இடையிடையே நிறுத்திக் காட்டும் பகல் பேருந்தை எடுங்கள். 4,300 மீட்டருக்கு மேலான லா ராயா கணவாயைத் தாண்டி, ராக்சி என்ற ஊரில், கருங்கல் அடித்தளத்தின் மேல் மண்கல் எழுப்பிய, விராக்கோச்சா என்ற இன்காக் கடவுளின் கோயிலின் நெடுஞ்சுவரைப் பார்க்கலாம். கடற்கரையில் பார்த்த மண்ணும் மலையின் கல்லும் ஒரே சுவரில் சேரும் இடம் அது.

குஸ்கோவில் முதலில் வாங்க வேண்டியது 'போலெத்தோ துரிஸ்திகோ' எனும் கூட்டுச்சீட்டு. பதினாறு இடங்களுக்கு, பத்து நாள் செல்லும். நான் வாங்கியபோது 130 சோல் (சோல் என்பது பெருவின் நாணயம்). சக்சாய்வமான், பிசாக், ஒல்லான்டாய்டாம்போ, மோராய் எல்லாம் இதில் அடங்கும். கொரிகாஞ்சாவுக்கும் மராஸ் உப்பளத்துக்கும் தனிச்சீட்டு. கொரிகாஞ்சாவைத் தவறவிடாதீர்கள். இன்காக்களின் சூரியன் கோயில் மேல் ஸ்பானியர்கள் தேவாலயம் எழுப்பினார்கள். 1950-இல் வந்த நிலநடுக்கத்தில் மேலே இருந்த கட்டடம் பெரும் சேதமடைய, அடியிலிருந்த இன்காச் சுவர் அப்படியே நின்றது. சுவரின் அருகில் போய்ப் பக்கவாட்டில் நின்று பாருங்கள்: மேலே போகப் போக அது உள்நோக்கிச் சாய்ந்திருக்கும், கதவும் மாடமும் கீழே அகன்று மேலே குறுகியிருக்கும், சாந்து எங்கும் இராது. லிமாவில் பார்த்த செங்கல் அடுக்குக்கு மலைக்காரர்களின் விடை இதுவே.

நகரைப் பார்த்ததும் குஸ்கோவை அடுத்த புனிதப் பள்ளத்தாக்குக்கு இறங்கி, ஒல்லான்டாய்டாம்போவில் இரண்டு இரவு தங்குங்கள். சுற்றுலாப் பேருந்துகள் நண்பகலில் வந்து குவியும். அங்குள்ள இன்காக் கோட்டையைத் திறக்கும் நேரத்திலோ மாலை மூன்றரைக்குப் பிறகோ ஏறினால் படிகள் உங்களுக்கே. உச்சியில் நிற்கும் ஆறு பெருங்கற்கள் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள கச்சிக்காத்தா மலையிலிருந்து வெட்டி இழுத்து வரப்பட்டவை. வந்து சேராமல் வழியிலேயே கிடக்கும் கற்களை ஊரார் 'களைத்த கற்கள்' என்கிறார்கள். இரவில் ஊர் அடங்கியதும் தெருவில் நடந்தால், இன்காக்கள் வகுத்த அதே சந்துகளின் ஓரக் கால்வாயில் மலைநீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்கும்.

மச்சு பிச்சுவுக்கு நுழைவுச்சீட்டை முதலில் வாங்குங்கள், இரயில் சீட்டை அடுத்து, விடுதியைக் கடைசியாக. வரிசையை மாற்றினால் மூன்றும் வீணாகலாம். சீட்டு பண்பாட்டு அமைச்சகத்தின் இணையதளத்தில் பெயர், கடவுச்சீட்டு எண், நாள், நேரம், சுற்றுப்பாதை ஆகியவற்றோடு விற்கப்படுகிறது. எழுத்துப் பிழை இருந்தால் வாயிலில் சிக்கல், மூலக் கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும். 2024 முதல் மூன்று சுற்றுகள், பத்துத் தடங்கள் என்று பிரித்திருக்கிறார்கள். முதல் சுற்று மேலிருந்து முழுக் காட்சி தரும், நகருக்குள் நுழைய விடாது. மூன்றாவது கீழ்ப்பகுதியோடு நிற்கும், வைனா பிச்சு சிகரம் ஏறுவோருக்கு அதுவே தேவை. முதல் முறை போகிறவர்கள் இரண்டாம் சுற்றை எடுப்பதே சரி. பாதை ஒருவழி, தாண்டிய இடத்துக்குத் திரும்ப முடியாது. உள்ளே கழிப்பறை இல்லை. காலை ஆறு மணிச் சீட்டுக்காகப் பலர் அடித்துக்கொள்கிறார்கள். அந்நேரத்தில் மேகம் மூடியிருப்பதே வழக்கம். ஒன்பது, பத்து மணிச் சீட்டு பெரும்பாலும் நல்ல காட்சி தரும்.

ஒல்லான்டாய்டாம்போவிலிருந்து இரயிலில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரத்தில் மச்சு பிச்சுவின் அடிவாரத்தில் உள்ள அகுவாஸ் கலியெந்தெஸ் ஊரை அடையலாம். பெரிய பெட்டியை இரயிலில் ஏற்ற மாட்டார்கள், விடுதியில் விட்டுச் செல்லுங்கள். செலவைக் குறைக்க விரும்புவோர் வேனில் ஹிட்ரோஎலெக்ட்ரிகா என்ற நீர்மின் நிலையம் வரை போய், தண்டவாளத்தை ஒட்டிப் பத்துக் கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக நடக்கலாம். மழைக்காலத்தில் மண்சரிவு காரணமாக அந்த வழி வேண்டாம். நான்கு நாள் இன்கா நடைப்பாதைக்கு உரிமம் பெற்ற முகவர் வழியாகவே செல்ல முடியும். பிப்ரவரியில் அது மூடப்படும். மேலே போனதும் கட்டடங்களை மட்டும் பார்க்காமல், 749 மீட்டர் நீளக் கால்வாய் ஒன்று ஊற்றுநீரைக் கொண்டுவந்து பதினாறு நீர்த்தாரைகளில் படிப்படியாக இறக்குவதையும் தேடிப் பாருங்கள். நாஸ்காவின் குழிக்குள் பார்த்த அதே கவனம் இங்கே கல்லில் தெரியும்.

உணவைப் பற்றி மரக்கறி உண்பவர்களுக்கு: இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கோழிக்கறி வந்துவிடும், ஏனென்றால் 'கார்னே' என்பது பலருக்கு மாட்டிறைச்சிதான். "சின் கார்னே, சின் போய்யோ, சின் பெஸ்காதோ" என்று இறைச்சி, கோழி, மீன் மூன்றையும் தனித்தனியாக மறுக்க வேண்டும். சூப்பின் அடிநீர் எதில் வெந்தது என்றும் கேட்க வேண்டும். 'சீஃபா' என்னும் சீன-பெருவியக் கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. காய்கறிச் சோறு கிடைக்கும். கீன்வா சூப்பும், அரெக்கிப்பாவின் மொச்சை, சோளம், பாலாடைக்கட்டி சேர்ந்த 'சொல்தெரித்தோ'வும் நம் நாக்குக்கு ஒத்துவரும். சந்தையில் கருத்த கூழாங்கல்போல இருப்பது 'சூன்யோ'. உருளைக்கிழங்கை இரவுப் பனியில் உறையவைத்து, மிதித்து, பகல் வெயிலில் உலர்த்திய வற்றல். குழாய்நீரைக் குடிக்க வேண்டாம்.

கிழிந்த சோல் நோட்டை யாரும் வாங்க மாட்டார்கள், 200 சோல் நோட்டுக்குச் சில்லறை எளிதில் கிடைக்காது. வங்கியிலேயே சிறு நோட்டுகளாகக் கேளுங்கள். தென்பகுதியில் வேலைநிறுத்தமும் சாலை மறியலும் முன்னறிவிப்பு அதிகமின்றி வரும். எனவே மச்சு பிச்சு நாளுக்கு முன்னால் ஒரு நாளும், திரும்பும் விமானத்துக்கு முன்னால் ஒரு நாளும் வெறுமனே விட்டுவைக்க வேண்டும்.

மலையில் எல்லா விடுதியிலும் கோக்கா இலைத் தேநீர் வைத்திருப்பார்கள்; அங்கே அது சட்டப்படி சரி, குளிருக்கு இதமாகவும் இருக்கும். ஆனால் ஊருக்குத் திரும்பப் பெட்டி கட்டும் இரவில், பைகளின் மூலைமுடுக்கெல்லாம் துழாவி, மிஞ்சிய இலையையும் தேநீர்ப் பொட்டலங்களையும் விடுதியிலேயே விட்டுவிடுங்கள். கோக்கா இலை இந்தியாவில் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. வழியில் மாறும் விமான நிலையங்கள் பலவற்றிலும் நிலை அதுவே.